அக்காவை ரயிலேற்றிய இரண்டு தலைவர்கள்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் வண்டி ஏறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நடைமேடை ரொம்பத் தாழ்வு, பெட்டியின் வாசல் ரொம்ப உயரம். நடுவில் ஓர் இரும்புப் படி தொங்கும். அதில் கால் வைக்க வேண்டுமென்றால் முழங்கால் முகவாயைத் தொட வேண்டும். ஊரில் எல்லோருமே நெட்டைக் கொக்குகள் என்று நினைத்துக் கட்டினார்களா, இல்லை கையில் இருந்த சிமெண்டுக்கு இவ்வளவுதான் என்று முடித்துக்கொண்டார்களா, கட்டினவர்களுக்கே வெளிச்சம்.

நான் நிலையத்துக்கு நேர் எதிரே பேனர் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாள், திறப்புவிழா, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் என் மிஷினில்தான் உருண்டு வர வேண்டும். கட்சிக்குள் யார் யாரோடு சேர்ந்தார், யார் யாரை விட்டுப் போனார் என்பதெல்லாம் பேனரில் போடச் சொல்லும் போட்டோவின் அளவைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.

என் அக்காவுக்கோ வாயே கிடையாது. அவளுக்கும் சேர்த்து நான் வாங்கி வந்துவிட்டேன் என்று மாமா சொல்வார். மாமா என்றால் அக்காவின் கணவர். அக்கா பெரிய நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறாள். எப்பேர்ப்பட்ட ஒளிந்த நரம்பும் அவள் விரலுக்குத் தப்பாது. "சுருக்குன்னு இருக்கும், அவ்ளோதான்" என்பாள். அதற்குள் முடிந்திருக்கும். அந்த வேலைதான் அவளுக்கு மூச்சு. போக வர எல்லாம் ரயிலில்தான். பஸ்ஸில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும், மூன்றிலும் நின்றுகொண்டே போக வேண்டும்.

போன மழைக்காலத்தில் அந்த இரும்புப் படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் போயிற்று. ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், சாதாரணப் படி ஏறலாம், ஆனால் காலை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி உடம்பை இழுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் வேலைக்குப் போனாள். தினமும் அந்த வண்டியில் போகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. மேலே நிற்பவர் கை கொடுப்பார், கீழே நிற்பவர் முதுகில் முட்டுக் கொடுப்பார். தங்கமான மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் காலை யாரோ விளையாட்டாக, "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏத்து!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாளாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்று அழுதாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"தூக்கினவங்க மேல கோவம் இல்லடி. நான் மூட்டை ஆயிட்டேன்ல, அதான்" என்றாள்.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் குழாயை மூடினேன்.

மாமா நல்லவர். ஆனால் அவரிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான் உண்டு: வீட்டில் இரு. சளி பிடித்தால் வீட்டில் இரு, சண்டை வந்தால் வீட்டில் இரு, மழை வரும்போல் இருந்தால் வீட்டில் இரு. விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை வாங்கி வந்து, அக்காவின் கையெழுத்து ஒன்றைத் தவிர மீதி எல்லாவற்றையும் அவரே நிரப்பி வைத்துவிட்டார்.

"உழைச்சது போதும்மா. இன்னொரு தடவை விழுந்தா என்னால தாங்க முடியாது" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்த நேரத்தில் அக்காவின் ஆஸ்பத்திரியில் ரத்ததான முகாம் நடந்தது. எங்கள் வட்டாரத்தின் இரண்டு பெரிய தலைகளும் போட்டோவுக்காக அதற்கு வந்தார்கள். ஒருவர் எம்.பி. எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார், அதனால் ஊர் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர் வைத்துவிட்டது. இன்னொருவர் மந்திரி, எம்.பி.யின் கட்சிக்கு நேர் எதிர்க் கட்சி. எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார், அவருக்குப் பெயர் பார்ப்போம். இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஒருவர் கிழக்கு என்றால் இன்னொருவருக்கு அன்று சூரியனே வேண்டாம். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஊசிப் பயம் ஒன்றுதான்.

காலையில் ஆகட்டும் வந்து படுத்தார். அக்கா கையில் ஊசியோடு நின்றாள். வாயே திறக்காத என் அக்கா, அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

"ஐயா, எங்க ஊர் ஸ்டேஷன்ல மேடை தாழ்வு, வண்டி உயரம். ஏறவே முடியலைங்க."

"ஆகட்டும்மா, ஆகட்டும், நீங்க மெதுவா குத்துங்க" என்றார் அவர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

மத்தியானம் பார்ப்போம் வந்தார். அதே கட்டில், வேறு ஊசி, அதே கோரிக்கை.

"பார்ப்போம்மா, பார்ப்போம். குத்திட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க ஐயா."

"அப்ப கண்டிப்பா செஞ்சிடலாம்!"

அக்கா வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர்களாவது செய்வதாவது என்றேன். அங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் பக்கம் தேர்தல் வரும் பின்னே, நிதி வரும் முன்னே. வட்டார ரயில் மேம்பாட்டு நிதி என்று அரசாங்கம் ஒன்றை அறிவித்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் வேலைகளைத் தனித்தனித் தலைப்பாகப் பிரித்திருந்தார்கள். எந்தத் தலைப்புக்கு எந்தத் தலைவர் பரிந்துரைக்கிறாரோ, கல்வெட்டில் அவர் பெயர். ஒரு தலைப்புக்கு ஒரே பெயர்தான்.

ஆகட்டும் முந்திக்கொண்டார். "நடைமேடை உயர்த்துதல்" என்பதை எடுத்துக்கொண்டார். பார்ப்போம் போய்ப் பார்த்தபோது மிச்சம் இருந்தது இரண்டு தலைப்புதான். ஒன்று கழிப்பறை, இன்னொன்று "இருப்புப்பாதை பலப்படுத்துதல்". கழிப்பறைக் கல்லில் தன் பெயரைப் பொறிக்க யாருக்கு மனம் வரும்? பாதையை எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இருவரின் பேனரும் என் கடைக்குத்தான் வந்தது. ஆகட்டும் ஆள் காலையில் வந்து, "மேடை தந்த மேன்மையே, நன்றி!" என்று போடச் சொன்னான். "அந்தக் கட்சிக்காரனுக்குத் தெரியக் கூடாதுக்கா" என்று கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பார்ப்போம் ஆள் மறுநாள் வந்து, "பாதை தந்த பண்பாளரே, வருக!" என்றான். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றான். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நான் கூத்தாடி இல்லை, ஆனால் மிஷினுக்கு மை வாங்க வேண்டாமா?

வேலை தொடங்கியது. நிலையத்தைச் சுற்றித் தகர வேலி போட்டு அடைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் போயின. தகரம் வெறுமையாக இருந்தால் தலைவர்களுக்குப் பொறுக்குமா? ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை என் பேனர்களாகக் கட்டினார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு பொத்தல் கூட இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் இரண்டு தலைவர்களின் பல்வரிசையைத்தான் பார்த்தார்கள்.

அக்கா லீவில் இருந்தாள். தினமும் காலையில் வீட்டுக் கொல்லைப்புறப் படியில் ஏறுவாள், இறங்குவாள். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், அப்புறம் பிடிக்காமலே ஏறினாள். புதிய மேடைக்கும் வண்டி வாசலுக்கும் இவ்வளவு உயரம்தான் இருக்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லியிருந்தார், அந்தப் படியும் அவ்வளவுதான்.

"மேடை திறக்கட்டும்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டாள். "யார் கையையும் பிடிக்காம என் காலால ஏற முடிஞ்சா வேலைக்குப் போவேன். முடியலைன்னா நீங்க எழுதி வெச்ச தாள்ல கையெழுத்துப் போடறேன்."

மாமா தலையசைத்தார். பிறகு சாயங்காலம் தோறும் அவரே அந்தப் படியில் பாசி பிடிக்காமல் தேய்த்துக் கழுவி விடுவதை நான் பார்த்தேன். மனுஷன் மனசு எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை போல.

திறப்பு விழா நாள் வந்தது. முந்தின நாளே வேலியைப் பிரித்துவிட்டார்கள். மேடை பளபளவென்று நின்றது. ஒரே மேடைக்கு இரண்டு திறப்பு விழா. ஒரு முனையில் ஆகட்டும் ரிப்பன் வெட்டினார், மறுமுனையில் பார்ப்போம் வெட்டினார். நடுவில் ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு பக்கமும் ஓடி ஓடி மூச்சு வாங்கினார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்காகவே சொன்னது. இரண்டு மைக்கும் ஒரே நேரத்தில் பேசியதால், "இந்த மேடையை உங்களுக்கு" "பாதையாகப் பலப்படுத்தி" "உயர உயர" "உழைத்தவன் நான்" என்று கலந்தடித்து, கூட்டம் எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் தட்டியது.

முதல் பயணி அக்காதான். இரண்டு கட்சிக்காரர்களும் அவளைத் தங்கள் பக்கத்துப் பயணி என்று சொல்லிக்கொண்டார்கள். இஸ்திரி போட்ட வெள்ளை கோட்டை மடித்துப் பையில் வைத்திருந்தாள். முகத்தில் என்றும் இல்லாத ஒரு களை. நான் பக்கத்தில் நின்றேன், மாமா அந்தப் பக்கம் நின்றார்.

வண்டி வந்து நின்றது. கேமராக்கள் எல்லாம் திரும்பின. அக்கா வாசலுக்குப் போனாள். காலைத் தூக்கினாள். தூக்கின காலைத் திரும்பக் கீழே வைத்தாள்.

பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "ஏறுங்கம்மா, பயப்படாதீங்க" என்றார் ஆகட்டும். அக்கா இன்னொரு முறை முயன்றாள். அதே இரும்புப் படி, அதே முகவாய் உயரம். நான் குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். நிஜமாகவே மேடை உயர்ந்திருந்தது, எங்கள் கண்ணெதிரே புது சிமெண்ட். ஆனால் வண்டியும் நன்றாக உயர்ந்து நின்றது!

"சார், என்ன சார் இது?" என்று ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "மேடையை உயர்த்தினாங்கம்மா. பாதையைப் பலப்படுத்தறோம்னு அடியில ஜல்லியைக் கொட்டி, புதுக் கட்டை போட்டு, தண்டவாளத்தையும் உயர்த்தினாங்க. அதுவும் அதே அளவு. ரெண்டு பிரிவுமே அவங்க அவங்க வேலையைச் சுத்தமா செஞ்சிருக்காங்க. அதான் பிரச்சினையே."

"ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டாங்களா?"

"மேடை ஒரு பிரிவு, பாதை ஒரு பிரிவும்மா. எதிர் எதிர் ரூம்தான். ரெண்டு ரூமுக்கும் நான்தான் டீ கொடுத்து அனுப்பினேன். டீயைப் பத்திக் கேட்டாங்க, உயரத்தைப் பத்திக் கேக்கல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து வேலியைப் பிரிச்சதும் தெரிஞ்சு போச்சு. ரெண்டு கட்சி ஆளுங்க கிட்டயும் ஓடிப் போய்ச் சொன்னேன். 'ரொம்ப நல்லதா போச்சு, அந்தாளாலதான் இந்தக் குழப்பம்னு நாளைக்கு மைக்ல சொல்லிக்கலாம்'னு ரெண்டு பேருமே சந்தோஷமா போனாங்க."

சொன்னபடியே நடந்தது. ஆகட்டும் மைக்கைப் பிடித்து, "மேடையை நான் உயர்த்தினேன், வண்டியை உயர்த்திக் கெடுத்தது யார்?" என்றார். பார்ப்போம், "உயர்வைக் கண்டு பொறுக்காத உள்ளம்!" என்றார். இவருக்குக் கைதட்டல், அவருக்கு விசில். சாண் ஏற முழம் சறுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சாண் ஏறி அந்தச் சாணிலேயே நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

அக்காவை யாரும் பார்க்கவில்லை. அவள் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொல்லைப்புறப் படியில் எத்தனை காலை ஏறி இறங்கியிருப்பாள்! மாமா மெதுவாக, "போகலாமாம்மா?" என்றார். பாவி மனுஷன், அவர் குரலும் உடைந்துதான் இருந்தது.

அப்போது ஒரு நிருபர் அக்காவின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டினார். "நீங்கதானே முதல் பயணி? இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

அக்கா இரண்டு தலைவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவர் என்னைத் தூக்கி விட்டார். இவர் வண்டியைத் தூக்கி விட்டார். ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

மேடையே அதிர்ந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு டிரைவர் எஞ்சினிலிருந்து தலையை நீட்டிவிட்டார். இரண்டு தலைவர்களும் சிரிக்கவா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"இப்ப நான் வேலைக்குப் போகணும்" என்றாள் அக்கா. "எப்படி ஏறட்டும்?"

"ஆகட்டும்..." என்று இழுத்தார் ஒருவர்.

"பார்ப்போம்..." என்று இழுத்தார் இன்னொருவர்.

அக்கா இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினாள். "அப்ப ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க."

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. தூக்கினார்கள் என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதவளா இவள்? தலைவர்களோ கேமராக்களைப் பார்த்தார்கள். ஆகட்டும் பிடித்தால் பார்ப்போம் சும்மா நிற்க முடியுமா? பார்ப்போம் பிடித்தால் ஆகட்டும் விட முடியுமா? இருவரும் பிடித்தார்கள். எம்.பி. ஒரு பக்கம் முக்கினார், மந்திரி மறுபக்கம் முனகினார். வெள்ளைச் சட்டை இரண்டும் அக்குளில் கிழிந்தன. அக்கா வண்டிக்குள் போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் நின்று திரும்பினாள். "ரொம்ப நன்றிங்க. நான் தினமும் போறவ. நாளைக்கும் இதே வண்டிதான். வந்துருவீங்கல்ல?"

நிருபர்கள் மைக்கை இரண்டு தலைவர்களிடம் திருப்பினார்கள். "ஆகட்டும்" என்றார் ஆகட்டும். "பார்ப்போம்" என்று மற்றவர் வாயெடுத்தார், கூட்டம் "ஓ!" என்று கூச்சலிட்டது. "கண்டிப்பா வருவேன்" என்று திருத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அக்காவைக் கேட்டேன். "உனக்கு அவமானமா இல்லையாக்கா?"

"தினமும் வர்றவங்க என் மேல இரக்கப்பட்டுத் தூக்கினாங்கடி. அவங்களுக்கு என்ன தலையெழுத்து? அதான் வலிச்சுது. இவங்க செய்ய வேண்டியதை ஒழுங்கா செய்யல, அதனால தூக்குறாங்க. தூக்கட்டும்" என்றாள். "முதுகு வலி அவங்களுக்குத்தானே, எனக்கென்ன?"

இவ்வளவு பேச அவளுக்கு வரும் என்று மாமாவுக்கும் அன்றுதான் தெரிந்தது. அந்தத் தாளை எடுத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். கிழிக்கவில்லை. மனுஷன் ஜாக்கிரதைக்காரர்.

மறுநாள் காலை நான் கடையைத் திறப்பதற்குள் இரண்டு கார்களும் வந்துவிட்டன. இவர் வராவிட்டால் அவர் தனியாகத் தூக்கிப் பெயர் வாங்கிவிடுவாரே என்று இவருக்குப் பயம். அவருக்கும் அதே பயம். அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். தேர்தல் நெருங்க நெருங்க ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. புலி வாலைப் பிடித்த கதைதான்.

என் கடைக்கு யோகம் அடித்தது. "தினம் தினம் தூக்கும் தங்கக் கரமே!" என்று ஒன்று போட்டேன். "தோள் கொடுக்கும் தோழரே!" என்று எதிர்க் கட்சிக்கு ஒன்று போட்டேன். மை வாங்க மட்டும் இல்லை, புது மிஷினே வாங்க வழி பிறந்தது.

செய்தி பரவியதும் அக்காவுக்குப் பின்னால் வரிசை நின்றது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வந்தாள், கையைப் பிடித்தார்கள். இரண்டு கைத்தடிக்காரர்கள் வந்தார்கள், தூக்கினார்கள். ஒரு வியாபாரி, "ஐயா, அப்படியே இதையும்" என்று உருளைக்கிழங்கு மூட்டையை நீட்டினார். ஆகட்டும் பழக்க தோஷத்தில் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மந்திரியும் மறுமுனையைப் பிடித்தார். அந்த மூட்டை வண்டிக்குள் போனபோது இருவர் முகத்திலும் வேர்வை ஒரே மாதிரி வழிந்தது. அன்றைக்கு இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தைலப் புட்டியை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

அக்கா சளைக்கவில்லை. தினமும் குளித்துக் கிளம்பி, நேரத்துக்கு வந்து, இரண்டு கையையும் நீட்டுவாள். "இன்னைக்கு மேடை விஷயம் எதுவரைக்கும் வந்துச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவாள். ஊசி போடுகிற அதே நிதானக் குரல். பதில் சொல்லாவிட்டால் காலை உள்ளே வைக்க மாட்டாள். அந்தரத்தில் நிற்பாள். பாரம் முழுக்க அவர்கள் தோளில்.

கடைசியில் மந்திரிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிந்தவர் நிமிரவே இல்லை. அப்படியே குனிந்த நிலையில் என் கடைக்குள் வந்தார். பின்னாலேயே எம்.பி. வந்தார். ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லாத பழக்கம், அதனால் என் மூலமாகப் பேசினார்கள்.

"மேடையை இன்னும் உயர்த்தணும்னு அவர்கிட்ட சொல்லுங்கம்மா" என்றார் குனிந்தவர்.

"அவர் தண்டவாளத்தைத் தொடலைன்னா நான் ரெடின்னு சொல்லுங்க" என்றார் நின்றவர்.

"தொட மாட்டேன்னு சொல்லுங்க."

"யார் பேர் கல்லுல வரும்னு கேளுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "ரெண்டு பேர் பேரையும் போடறேன், கல்லு போதலைன்னா என் நெத்தியில போட்டுக்கறேன், முதல்ல கையெழுத்தைப் போடுங்கய்யா!" என்று கத்திவிட்டேன். வாய் நீளம் என்று சும்மாவா சொல்கிறார்கள். மேடையை மட்டும் உயர்த்துவது, பாதையைத் தொடுவதில்லை என்று நான் எழுதி நீட்டிய தாளை இருவரும் ஆளுக்கு ஒரு ஓரத்தில் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. அடியாத மாடு படியாது என்பார்கள். இவர்களை அடித்தது என் அக்காவின் எடை.

மேடை மறுபடி உயர்ந்தது. இந்த முறை வேலியில் ஒரு பேனர் கூடக் கட்ட விடவில்லை நான். என் தொழிலில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன், போகட்டும். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு பிரிவு ஆட்களையும் ஒரே ரூமில் உட்கார வைத்து ஒரே டீ கொடுத்தார். ஜல்லி லாரி ஒன்று வழி தவறி வந்தபோது கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டார்.

திரும்பத் திறந்த அன்று கேமரா வந்தது, கூட்டம் வந்தது. இரண்டு தலைவர்களும் வாசலுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். மந்திரி இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். வண்டி வந்து நின்றதும் இருவரும் வழக்கம்போல் கையை நீட்டினார்கள். இந்தத் தூக்கலும் படத்தில் வந்தால் நல்லதுதானே.

அக்கா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்து வந்தாள். நீட்டிய கைகள் இரண்டையும் பார்த்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

விட்டார்கள். அவள் வலது காலை எடுத்து வைத்தாள், அப்புறம் இடது காலை எடுத்து வைத்தாள். உள்ளே போய்விட்டாள். யாரும் கைதட்டவில்லை, தட்டுவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் பைத்தியக்காரி மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். மாமா என்னை அதட்டினார், அவருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

வண்டி நகர்ந்தது. நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தலைவர்களும் அதே கைகளால் வண்டிக்கு டாட்டா காட்டினார்கள். அக்கா பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டு, கொட்டாவி விட்டாள். வேலைக்குப் போகிற எல்லோரையும் போல.